நீர் வரவில்லை

எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டர் ஜெனோ ஓர் ஆல்டர்நேட்டிவ் ராக் இசைக்கலைஞன். இது அவனே அவனைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசி போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊரில், டேங்கில் தண்ணீர் ஏற்றித் தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுகிறவனுக்கு அப்படி ஓர் ஆசை வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஒருமுறை பொங்கல் விளையாட்டுப் போட்டி நோட்டீஸில் பெயரோடு தொழிலையும் போடுவோம் என்றார்கள். இவன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தான். அச்சகத்தில் யாரோ தமிழ்ப்பற்று உள்ளவர் இருந்திருக்கிறார். நோட்டீஸில் 'மாற்றுப் பாறை ஜெனோ' என்று வந்தது. இன்றைக்கும் ஊரில் பாதிப் பேர் அவனைப் பாறை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என் பெயர் முத்துச்செல்வம். பாவூர்சத்திரத்தில் சவுண்ட் செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் அசனம், அரசியல் கூட்டம் எதுவானாலும் என் பெட்டிதான் பேசும். ஜெனோவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தோம். அந்தப் பாவத்துக்கு அவன் பாட்டுகளுக்கு டிரம்ஸ் நான்தான். டிரம்ஸ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஒரு நீல பிளாஸ்டிக் குடம். அவனுடைய ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு அதைத்தான் கொண்டுபோக முடியும்.

ஸ்டுடியோ என்பது அந்த ஓவர் டேங்க்தான். மாதம் ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் டேங்கைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். கழுவி முடித்து மறுபடி தண்ணீர் ஏற்றுவதற்குள் மூன்று மணி நேரம் கிடைக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் கித்தாரையும் குடத்தையும் கயிறு கட்டி மேலே இழுத்து, உள் ஏணியில் இறங்கி, செல்போனை நடுவில் கயிற்றில் தொங்கவிட்டுப் பாடுவோம். உள்ளே தும்மினால் அது நாலு முறை திரும்பி வரும். அந்த எதிரொலி லட்சம் கொட்டிக் கட்டின ஸ்டுடியோவில்கூடக் கிடையாது என்பான். மாதத்துக்கு இரண்டு பாட்டுக்கு மேல் பதிவு செய்ய முடியாது. கழுவுகிற விதி அப்படி.

"ஆல்டர்நேட்டிவ்னா மாத்துன்னுதானலே அர்த்தம், எதுக்கு மாத்து?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ செட்ல போடுத எல்லாத்துக்கும்" என்றான்.

கித்தாருக்கு என் கடையிலிருந்த பழைய பேட்டரி பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தேன். அதன் ஸ்பீக்கர் கிழிந்துபோய், எதை வாசித்தாலும் கொர்ரென்று இரையும். மாற்றித் தருகிறேன் என்று சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த இரைச்சல்தான் ராக்காம். கோட்டிக்காரப்பய. இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனான், இரண்டு இடத்திலும் கித்தாரோடு போனான். அதற்குப் பிறகு யாரும் பெண் காட்டவில்லை.

இப்படி முப்பத்தோரு பாட்டு. 'வால்வு' என்று ஒன்று. எங்கள் ஸ்டாப்பில் நிற்காத சுரண்டை பஸ்ஸைப் பற்றி 'பாயிண்ட் டு பாயிண்ட்' என்று ஒன்று. எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருந்தான். பஸ் பாட்டை நூற்றிச்சொச்சம் முறை கேட்டிருப்பதாகப் போன் காட்டியது. அதில் எண்பது முறை நான். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தது.

"ஊரே கேக்கணும்னு நான் சொல்லலடே" என்பான். "ஒருத்தர், ஒரே ஒருத்தர் முழுசாக் கேட்டுட்டு, இது இன்னதப் பத்தின பாட்டுன்னு சரியாச் சொல்லணும். பதினஞ்சு வருசமா அதுக்குத்தான் இந்த ஏணில ஏறுதேன்." சொல்லும்போது முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒரு வருடம் சாரல் பொய்த்துவிட்டது. ஆடி பிறந்தும் குற்றாலத்தில் பாறை காய்ந்து கிடந்தது. வேனில் வந்தவர்கள் அருவிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, தலையில் தேய்த்த எண்ணெயோடு திரும்பிப் போனார்கள். எங்கள் ஊர் போர் வற்றியது. கூட்டுக் குடிநீர்க் குழாயும் எங்கோ வழியில் உடைந்து, பதினோரு நாள் ஒரு சொட்டு இல்லை. ஊருக்குக் குற்றவாளி ஒருவன் வேண்டுமல்லவா, வால்வுச் சாவி ஜெனோவின் கையில் இருந்தது.

"ஏலே பாறை, ஒனக்குப் பாட்டு ஒரு கேடா? தொண்ட நனைக்க ஒரு செம்பு தண்ணிக்கு வழியக் காணும்!" என்று முதல் தெரு ஆனந்தவள்ளி காலையில் ஆரம்பித்தால், கடைசியில் இருக்கிற மூன்றாம் தெரு வரைக்கும் அஞ்சல் ஓட்டம் மாதிரி அது கைமாறிப் போகும். ஜெனோ தன் வேலையைப் பார்ப்பான். காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பான், குழாயில் காது வைத்துப் பார்ப்பான், பிறகு ஆபரேட்டர் பதிவேட்டில் தேதி போட்டு எழுதுவான்: 'நீர் வரவில்லை.' பதினோரு நாளும் அதே இரண்டு வார்த்தை. அந்தப் பதிவேட்டிலிருந்துதான் முப்பத்திரண்டாவது பாட்டு வந்தது. டேங்க்தான் காலியாக இருக்கிறதே, ஐந்தாம் தேதிக்குக் காத்திருக்காமல் ரெக்கார்டும் செய்தோம்.

ஆறு மணிக்குத் திறந்தேன், நீர் வரவில்லை.
அடிவரைக்கும் இறங்கினேன், நீர் வரவில்லை.
காது வைத்துப் பார்த்தேன்,
காற்று மட்டும் வந்தது, நீர் வரவில்லை.
தெருவெல்லாம் என்னைக் கேட்கிறது,
நான் என்ன சொல்ல, நீர் வரவில்லை.

மனுஷன் பேசுகிற மாதிரி 'தண்ணி வரல' என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. பதிவேட்டுத் தமிழில் எழுதித் தொலைத்தான். எங்கள் பக்கம் 'நீர்' என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. இரண்டு அண்ணாச்சிமார் பேசிக்கொள்ளும்போது ஒருவரை ஒருவர் நீர் என்பார்கள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஆண்டவரைக் கூப்பிடுவதும் நீர் என்றுதான்.

முதலில் மாட்டியது அண்ணாச்சி வகை. பல்லாரி வெங்காய மண்டி வல்லிநாயகம் அண்ணாச்சி என் கடைக்கு ஒயர் கேட்டு வந்தவர், பாட்டைக் கேட்டுவிட்டு முகம் சிவந்து நின்றார். "ஏன்வே, ஜெனோ தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு வரத் தோதுப்படல. அதுக்கு அவன் மைக் வச்சுப் பாடணுமாவே? அதுவும் நாலு தடவ!" அவரைச் சமாதானப்படுத்த இரண்டு டீ ஆனது.

இரண்டாவது விவகாரத்துக்கு நானே காரணம். பதினோரு நாள் கழித்துக் குழாய் சரியாகி, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட பிறகு, சர்ச்சில் அசனப் பண்டிகை வந்தது. ஊருக்கே சோறு போடுகிற பண்டிகை. செட் என்னுடையது. ஜெபம் ஆரம்பிக்கும் முன்னால் சத்தம் சரிபார்க்க, போனில் முதலில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டு ஒயரைப் பார்க்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் பந்தலில் முந்நூறு பேர் பேச்சுமூச்சு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெனோவின் குரல் நாலு ஹாரன் பெட்டியிலும் 'நீர் வரவில்லை' என்கிறது. ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

போதகர் எழுந்து வந்தார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். "இது யார் பாடினது?"

"நம்ம ஜெனோதான், ஐயரே. தெரியாமப் போட்டுட்டேன்."

"தெரியாம இல்ல தம்பி. போட வச்சிருக்கார்" என்றார். அன்றைக்குப் பிரசங்கம் நாற்பது நிமிடம். காற்று மட்டும் வந்தது என்கிற ஒரு வரிக்கே கால் மணி நேரம். ஆண்டவர் முகத்துக்கு நேரே 'நீர் வரவில்லை' என்று சொல்கிற தைரியம் எத்தனை விசுவாசிக்கு வரும் என்று கேட்டார். யாருக்கும் வரவில்லை என்பது போல எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு பாடகர் குழு அதைப் பாடியது. கீபோர்டு வாசிக்கிற ஜோயல் நல்ல பையன், எதையும் சுத்தமாகச் செய்கிறவன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கீபோர்டிலிருந்தே வயலின் சத்தம் கொடுத்தான். "அண்ணாச்சி, ஒரிஜினல்ல இருந்த இரைச்ச எல்லாத்தையும் எடுத்துட்டேன், இப்பக் கேளுங்க" என்று எனக்கு வேறு அனுப்பி வைத்தான். அதை ஜெனோவிடம் போட்டுக் காட்டியது என் தப்பு.

"வயலின் போட்டிருக்கான்லே!" என்றான். அவ்வளவு கோபத்தில் நான் அவனைப் பார்த்ததே இல்லை. "ஏலே, அது வால்வுலே! மூணு இஞ்ச் வால்வு! முப்பத்தோரு பாட்டு போட்டிருக்கேன், ஒரு நாய் கேக்கல. கேட்ட ஒரே பாட்டையும் தப்பாக் கேட்டிருக்கானுவ. நான் போய்ச் சொல்லப்போறேன்."

சொல்ல வாய்ப்பும் தானாக வந்தது. அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பாட்டை நீயே வந்து பாட வேண்டும், பாடுவதற்கு முன் இது பிறந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று ஐயர் ஆள் அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தவிர கோயில் பக்கம் போகாதவன் உடனே சம்மதித்துவிட்டான். மைக்கில் ஊரறிய 'இது குடிநீர்க் குழாயைப் பற்றிய பாட்டு' என்று சொல்லிவிடுவது என்று முடிவு. நான்தான் குறுக்கே விழுந்தேன். காரணம் ரூபி.

மூன்றாம் தெரு ரூபிக்கு ஒரே பிள்ளை, ஷாரோன். நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரே முழங்காலில் நின்று ஜெபித்தது, ஒன்றும் நடக்கவில்லை. ரூபியின் புருஷன் ராணுவத்தில் எல்லையில் இருக்கிறான், வந்து அடக்கம் முடித்துத் திரும்பிப் போனான். அதன்பிறகு ரூபி ஞாயிறு தவறாமல் மாமியார் சுகிர்தத்தின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிவருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், வாயைத் திறக்க மாட்டாள். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, ஆமென்கூட இல்லை. மருமகள் பக்கத்தில் ஊமையாக இருக்கிறதைப் பார்த்துச் சுகிர்தம் ஆராதனை முழுக்க அழுவார். இரண்டு வருடம் இப்படி. ஞாயிறு ஆராதனைக்கும் செட் என்னுடையதுதான், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் என் மிக்சர் மேசை போடுவேன், எல்லாம் என் கண்ணால் பார்த்தது.

அந்த ரூபி, பாடகர் குழு 'நீர் வரவில்லை' பாடிய முதல் ஞாயிறே எழுந்து நின்று பாடினாள். நல்ல கணீரென்ற குரல். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து வாராவாரம் பாடுகிறாள், அந்த ஒரு பாட்டை மட்டும்.

"நீ போய் இது கொழாய்ன்னு சொன்னா, அந்தப் பொம்பள வாய் மறுபடியும் அடைச்சிரும். ஒனக்கு விளங்குதா மூதி?" என்றேன்.

அவன் டேங்க் காலில் சாய்ந்து நின்றான். "அப்ப என் பாட்டு?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான்.

நாலு நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்து, "ரூபியக்காட்ட மட்டும் முன்கூட்டிச் சொல்லிருதேன். எல்லாருக்கும் முன்னால வச்சுத் திடீர்னு கேட்டா பாவம். நீயும் கூட வா" என்றான். தனியாகப் போகப் பயம். போனோம்.

மூன்றாம் தெரு கடைசி வீட்டில் ரூபி வாசல் குழாயில் குடம் வைத்திருந்தாள். தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. "என்ன, ரெண்டு பேருமா வந்திருக்கிய? வால்வு மாத்தணுமா?" என்றாள்.

ஜெனோ அந்தப் பாட்டு, அந்தப் பாட்டு என்று மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நின்றுவிட்டான். எரிச்சலில் நானே சொல்லிவிட்டேன். "யக்கா, அது ஆண்டவரப் பத்தின பாட்டு இல்லக்கா. அந்தப் பதினோரு நாள் தண்ணி வரலல்லா, அதப் பத்தினது."

"கொழாய்ப் பாட்டுத்தான? எனக்குத் தெரியும்" என்றாள் ரூபி. குடத்தைச் சற்று நகர்த்தி வைத்தாள். "அசனத்தன்னைக்கே தெரியும். காது வச்சுப் பாத்தேன்னு பாடுதான். ஆண்டவருக்கு எவனாவது காது வச்சுப் பாப்பானா? அந்தப் பதினோரு நாளும் இந்தா, இந்தக் கொழாய்ல காது வச்சவ நான்."

ஜெனோதான் கேட்டான். "பின்ன எதுக்குக்கா கோயில்ல நின்னு பாடுதிய?"

"கொழாய்ப் பாட்டா இருக்கப்போயித்தான் பாடுதேன்" என்றாள். "ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சு இல்ல. ஷாரோன் போன அன்னையோட முடிஞ்சுது. கோயில்ல உள்ள பாட்டு அம்புட்டும் அவருக்குப் பாடுதது. வாயத் தொறந்தா பொய் சொன்ன மாதிரி ஆயிரும், அதான் தொறக்கல. இது ஒண்ணுதான் கொழாய்க்குப் பாடுதது. கொழாய நான் எம்புட்டு வேணும்னாலும் ஏசுவேன், யார் கேக்க முடியும்?" உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வருசமா அத்த அழுத அழுக எனக்குத் தாங்கல ஜெனோ. இப்ப நான் பாடுததப் பாத்து, அவருகூடப் பேச ஆரம்பிச்சிட்டேன்னு நெனைக்காவ. ரெண்டு வாய் கூடச் சாப்பிடுதாவ. நெனச்சிட்டுப் போட்டும்."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை அடைத்தாள்.

"சொல்லிராதய்யா. சொன்னா பாட்ட நிப்பாட்டிருவாவ. அங்கன நின்னு பாட எனக்கு வேற பாட்டு கிடையாது."

ஜெனோ தலையை ஆட்டினான். போகலாம் என்று நான் அவன் கையைப் பிடித்தேன், நகரவில்லை. அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு கேள்வி இருந்தது. "யக்கா... அன்னைக்கு செட்ல கேட்டப்ப, அந்தக் கித்தாரு..."

"கொர்ருன்னு ஒண்ணு வந்திச்சே, அதா? தண்ணி வாரதுக்கு முன்ன கொழாய்ல காத்து இரையும்லா, அது. அது கேட்டா குடத்தத் தூக்கிட்டு ஓடுவேன், அப்புறமும் வராது. உன் பாட்டுலயும் இரைச்ச வருது, தண்ணி வரல. நல்லாத்தான் போட்டிருக்க. அந்த ஜோயல் என்னவோ வயலின்ல அழுதுக்கிட்டு இருக்கான்."

ஜெனோ அப்படியே குழாயடியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். நாற்பத்தொரு வயது ஆள். ரூபிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்லுவதற்கென்ன.

அறுப்பின் பண்டிகையன்று கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் கரும்பும் வாழைத்தாரும் பூசணிக்காயும் அடுக்கியிருந்தார்கள். ஐயர் ஜெனோவைக் கூப்பிட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, "தம்பி, யாரை நினைச்சு எழுதினீங்க? சபைக்கு ஒரு சாட்சி சொல்லுங்க" என்றார். பின்னால் மிக்சரில் என் விரல் அவனுடைய மைக்குக்கான குமிழின் மேலேயே இருந்தது. அழுதவன் வார்த்தையை நம்ப முடியாது, ஏதாவது உளற ஆரம்பித்தால் சத்தத்தை அறுத்துவிடுவதாக இருந்தேன்.

ஜெனோ சபையைப் பார்த்தான். "எனக்குப் பேச வராது, ஐயரே" என்றான். "ஒரே ஒரு விண்ணப்பம். இன்னைக்கு வயலின் வேண்டாம்."

ஜோயல் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். ஜெனோ அந்தக் கிழிந்த பெட்டியை முடுக்கினான். கோயில் சுவரெல்லாம் கொர்ரென்று அதிர்ந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு முன்னால், கடைசி பெஞ்சில், ரூபி எழுந்து நின்று பாடினாள். சுகிர்தம் கண்ணை மூடிக்கொண்டு, மருமகளின் கையைத் தடவித் தடவி, "வருவாருட்டீ, வருவாரு" என்றார். ரூபி கையை இழுத்துக்கொள்ளாமல் அடுத்த வரியைப் பாடினாள்.